சாடியும் தவறணையும்

மதுவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு சாரார். ஒரு சாரார் அதனை ஒழுக்கக்கேட்டின் கதையாகக் காண்பர். மற்றவர் சங்ககாலக் களிப்பை எடுத்துக்காட்டிப் பழம்பெருமை பேசுவர். இரு சாராரும் கேளாது விடும் வினா ஒன்றுண்டு. மதுவை ஆக்கியவர் யார்? அதனால் ஆதாயம் பெற்றவர் யார்? இவ்வினாவை எழுப்பும்பொழுதே மதுவின் வரலாறு சமுதாய வரலாறாகின்றது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் அறிந்த நமக்குப் பெரும்பாணாற்றுப்படை அந்நியமான நூலன்று. படுவான்கரையில் நெல் விளைகின்றது. எழுவான்கரையில் தென்னை ஓங்கி நிற்கின்றது. இடையே வாவியை நம்பி மீனவர் வாழ்கின்றனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலிலும் தொண்டை நாட்டு வலைஞர் குடியிருப்பொன்று வருகின்றது. அங்கு மது ஆக்கும் முறையைப் புலவர் படிப்படியாகக் கூறுகின்றார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அகன்ற வாயுடைய பாத்திரத்தில் அதனை ஆறவிடுகின்றனர். முளைதானிய அடையை அதிற் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, வலிய வாயையுடைய சாடியில் அது முதிர்கின்றது. பின்னர் அதனை வடித்தெடுக்கின்றனர்.

இது வெறுங்கற்பனையன்று. முளைக்கும் தானியத்தில் உண்டாகும் நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்குகின்றன. மதுவம் அவ்வெல்லத்தை மதுசாரமாக்குகின்றது. நொதித்தல் உயிர்களின் தொழிலே என்பதை லூயி பாஸ்டர் 1857 ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். காரணம் அறியாதிருந்தும் காரியத்தை அறிந்திருந்தனர் அவ்வலைஞர். வாற்கோதுமை முளையிலிருந்து ஐரோப்பியர் பியர் ஆக்கும் வழியும் அடிப்படையில் இதுவே. ஆகவே, வலைஞரின் சாடியில் விளைந்தது அரிசிப் பியரே எனலாம்.

அந்த மது யாருக்கு உரியதாயிற்று என்பதே நாம் கருத வேண்டியது. வழிநடந்து களைத்து வரும் பாணர்க்குச் சுட்ட மீனோடு அது வழங்கப்படும் என்கின்றார் புலவர். அது உறவின் பொருள், விருந்தின் பொருள். இதனால் அக்காலத்தில் மது வணிகமே இருக்கவில்லை எனக் கூறுதல் பொருந்தாது. அதே நூலின் துறைமுகப் பகுதியிற் கள் சமைக்கும் மகளிர் வருகின்றனர். பட்டினப்பாலையில் மதுக்கடையின் கொடி பறக்கின்றது. ஆயினும், மது விற்கும் உரிமையே ஏலப்பொருளாகும் நிலை வேறொரு காலத்துக்குரியது.

அக்காலம் அந்நியர் ஆட்சியோடு வந்தது. 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கைக் கரையோரத்தில் அவர்கள் ஆண்ட காலத்திலேயே சாராயக் குத்தகை முறை நிலவியது. பிரித்தானியர் அதனைத் தொடர்ந்து விரிவாக்கினர். கூடிய விலை கேட்டவனுக்கே விற்பனை உரிமை கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை முதலாளிகள் பலரின் மூலதனம் சாராயக் குத்தகையிலிருந்து திரண்டது என்பதைக் குமாரி ஜயவர்தன 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு விளக்குகின்றது. தொழிலாளியின் கூலி தவறணை வழியாகக் குத்தகைக்காரனிடமும், அவன் வழியாக அரசாங்கத்திடமும் சென்றது.

பின்னர் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. மரம் சீவவும், மது ஆக்கவும், விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டுமென்றாயிற்று. அதேவேளை அரசாங்கம் புதிய கள்ளுத் தவறணைகளைத் திறக்க, நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தது. தடையும் விற்பனையும் ஒரே கையிலிருந்து வந்தன. குடியை ஒழிப்பதன்று, வருவாயைக் காப்பதே சட்டத்தின் முதல் நோக்கம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இம்மாற்றத்தின் சுமை யார் தலையில் விழுந்தது? மட்டக்களப்பின் பழைய சாதி அடுக்கில் மரமேறுதல் சாண்டாரின் குலத்தொழிலாக விதிக்கப்பட்டிருந்தது. பாளையைக் கட்டி, தட்டி, சீவி, முட்டியில் சாறு இறக்கும் நுட்பம் அவர்களுடையது. உயிரைப் பணயம் வைத்து மரமேறியவனுக்குச் சமூகம் இழிவைக் கொடுத்தது; சட்டம் அபராதத்தைக் கொடுத்தது. ஏறாதவனுக்கு இலாபம் கிடைத்தது.

பிற நாடுகளை நோக்குமிடத்து முரண்பாடு மேலும் தெளிவாகும். இங்கிலாந்தில் வீட்டில் பியர் ஆக்குவோர் பெறவேண்டியிருந்த உரிமச்சீட்டு 1963 இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978 இல் நிறைவேறிய சட்டம் சொந்த உபயோகத்துக்காகப் பியர் ஆக்க இடமளித்தது. நண்பர் கூடி ஆக்கிப் பகிர்வது அங்கு வசதியுள்ளோரின் பொழுதுபோக்காயிற்று. இங்கோ 1912 ஆம் ஆண்டுச் சட்டமே திருத்தங்களுடன் இன்னும் நிலவுகின்றது. ஏழையின் பானை குற்றமாகவும், பெருமுதலாளியின் ஆலை கைத்தொழிலாகவும் கருதப்படுகின்றன. 2017 இல் கல்குடாவில் எழுந்த எரிசாராய ஆலைக்கு எதிராக மட்டக்களப்பு மக்கள் குரலெழுப்பினர். அக்குரல் மதுவுக்கு எதிரான குரல் மட்டுமன்று. தம் மண்ணில் எது வரவேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமைக்கான குரலுமாகும்.

நாம் குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. கசிப்பு குடித்து அழிந்தவனின் மனைவி மக்கள் படும் துயரை எந்தச் சங்கப் பாடலாலும் மறைக்க முடியாது. ஆனால், குடிப்பவனை மட்டும் கூண்டிலேற்றி, குடியால் வாழ்பவனைக் கேள்வியின்றி விடும் ஒழுக்கம் அரை ஒழுக்கமே. வலைஞரின் சாடியில் விளைந்தது விருந்தினனுக்குச் சென்றது. தவறணையின் பீப்பாயில் நிறைந்தது கணக்கேட்டுக்குச் சென்றது. மதுவை எதிர்ப்போர் அக்கணக்கேட்டையும் திறந்து பார்த்தல் வேண்டும்.