காங்கார்டுக் கல்லறைக் குன்று

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் காங்கார்டு என்னும் சிற்றூர் உள்ளது. காலையில் பிள்ளைகளோடு புறப்படும் குடும்பத்தார் ஒரு போர்க்களத்தையும் நான்கு எழுத்தாளர்களின் கல்லறைகளையும் கண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

முதலில் காண்பது வடபாலம். 1775 ஏப்ரல் 19ஆம் நாள் அவ்வட்டாரத்து உழவர் பிரிட்டிஷ் படையை எதிர்த்துச் சுட்ட இடம் அதுவே. இன்றுள்ள பாலம் பழைய வடிவில் 1956இல் கட்டப்பட்டது. ஒரு கரையில் துப்பாக்கியும் கலப்பையும் கொண்ட உழவர்ப் படைவீரனின் சிலை நிற்கிறது. மறுகரையில் மாண்ட பிரிட்டிஷ் வீரரின் புதைகுழி உள்ளது. எதிரியின் உடலுக்கும் அடையாளம் வைத்த பண்பு போற்றத்தக்கது.

அப்போர் நடந்து 71 ஆண்டுகள் கழித்து, அதே ஊரில் துப்பாக்கியில்லாத எதிர்ப்பொன்று எழுந்தது. அடிமை முறைக்கும் மெக்சிகோப் போருக்கும் துணைநின்ற அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்த ஹென்றி டேவிட் தோரோ, 1846 ஜூலையில் ஓர் இரவு சிறையில் அடைக்கப்பட்டார். வேறொருவர் வரியைக் கட்டிவிடவே, மறுநாள் விடுவிக்கப்பட்டார். அக்காலத்தில் அவர் வால்டன் குளக்கரையில், எமர்சனின் நிலத்தில், 28 டாலர் சொச்சத்தில் தாமே கட்டிய சிறுகுடிலில் வாழ்ந்துவந்தார். குடில் இன்று இல்லை. அது நின்ற இடத்தைக் கல்தூண்கள் காட்டுகின்றன. சிறையனுபவத்தை ஒட்டி அவர் எழுதிய கட்டுரை 1849இல் அச்சேறியது.

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் அக்கட்டுரையின் பகுதிகளை 1907இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார். அறப்போர் என்னும் கருத்தையே காந்தியடிகள் தோரோவிடம் பெற்றார் எனச் சிலர் எழுதுவது மிகை. 1906இலேயே அங்குப் போராட்டம் தொடங்கிவிட்டது. அடிகளும் பின்னாளில் அக்கூற்றை மறுத்துள்ளார். முன்பே நடக்கத் தொடங்கியவருக்கு வழித்துணை கிடைத்தது என்பதே பொருந்தும். அப்போராட்டத்தில் சிறை சென்று 1914இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழ் மாணவர் அறிவர்.

ஸ்லீப்பி ஹாலோ இடுகாட்டில் எழுத்தாளர் மேடு எனப்படும் குன்றுண்டு. 1882இல் மறைந்த எமர்சனுக்குச் செதுக்கப்படாத பெரும்பாறை. நாவலாசிரியர் ஹாத்தோர்னும் அங்கேதான் உறங்குகிறார். 1868இல் 'லிட்டில் விமன்' நாவலை அவ்வூரிலேயே எழுதிய லூயிசா மே ஆல்காட்டின் கல்லறை, கதை படித்த பிள்ளைகளை நெடுநேரம் நிறுத்திவைக்கும். 44 வயதில், 1862இல், மறைந்த தோரோவின் கல்லோ ஒரு சாண் உயரம்கூடத் தேறுமா என்னும்படி சிறியது. அதில் 'ஹென்றி' என்னும் பெயர் மட்டுமே உண்டு. குன்றேறி வருவோர் அதனருகே பென்சில்களை வைத்துச் செல்கின்றனர். தோரோவின் தந்தையார் பென்சில் செய்து விற்றவர். மகனும் அத்தொழிலில் உழைத்து, பென்சிலின் தரத்தை உயர்த்தியவர்.