புகழும் இரக்கமும்

நெடுநாள் வாழ்ந்து பெயரின்றி மறைவதா, இளமையிலேயே மடிந்து அழியாப் புகழ் எய்துவதா? ஹோமரின் இலியட் காவியத்தில் அக்கிலிஸ் என்னும் மாவீரன் முன் நின்ற வினா இது. கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்றதாகக் கருதப்படும் அக்காவிய வீரர்க்குப் புகழே உயிர், மானமே அணிகலன்.

இவ்விழுமியங்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. வெண்ணிப் போரில் முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் துறந்ததைப் புறநானூறு பேசுகிறது. பர்மிங்காமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்த ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி, தமிழ் வீரநிலைக் கவிதையைப் பற்றி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இவ்வொப்புமையை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஆயினும் புகழோடு இப்பாடல்கள் நின்றுவிடுகின்றனவா? இலியட் சினத்தில் தொடங்குகிறது, வெற்றியில் முடியவில்லை. திராய் நகரின் வீழ்ச்சியை நாம் அதில் காண்பதில்லை. தன் தோழனைக் கொன்ற ஹெக்டரைக் கொன்று, அவன் உடலைத் தேரிற் கட்டி இழுத்தான் அக்கிலிஸ். அவனது பாசறைக்கு இரவில் வந்தார் ஹெக்டரின் முதிய தந்தை பிரியாம். தம் மக்களைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, "உன் தந்தையை நினைத்துப் பார்" என்னும் பொருள்பட வேண்டினார். இருவரும் அழுதனர். அக்கிலிஸ் முதியவர்க்கு உணவளித்து, உடலையும் ஒப்படைத்தான். ஈமச்சடங்கிற்காகப் போரையும் நிறுத்திவைத்தான்.

புறநானூற்றின் 46ஆம் பாடல் இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடத் துணிந்தான் சோழன் கிள்ளிவளவன். யானையைக் கண்ட வியப்பில் அழுகையையும் மறந்து, கூட்டத்தைக் கண்டு மருண்டு நின்றனர் அச்சிறார். அவர்களுக்காக வந்தவர் தந்தையல்லர்; கோவூர்கிழார் என்னும் புலவர். புறாவின் துயர் தீர்த்த முன்னோனின் மரபில் வந்தவன் நீ என மன்னனுக்கு நினைவூட்டினார். பிள்ளைகள் பிழைத்தனர் எனப் பாடலின் பழங்குறிப்பு உரைக்கிறது.

பிரியாம் மீட்டது மகனின் சடலம். கோவூர்கிழார் மீட்டது பகைவனின் பிள்ளைகளுடைய உயிர். இருவரிடமும் படை இல்லை. வென்றவனுக்கு அவனுடைய தந்தையையோ முன்னோனையோ நினைவூட்டும் சொல் இருந்தது.

நம் பிள்ளைகளுக்கு வீரக்கதை சொல்லும்போது வாளேந்திய கையோடு நிறுத்திவிடுகிறோம். அந்தக் கை எப்போது தாழ்ந்தது, யார் சொல்லால் தாழ்ந்தது என்பதையும் சொன்னால்தான் கதை முழுமை பெறும்.