சுவரில் எழுதிய சுந்தரர் வரலாறு

ஐரோப்பாவில் பரோக் கலை ஓங்கிய 17ஆம் நூற்றாண்டில், ஓவியமும் கட்டடக் கலையும் பல வேளைகளில் ஒரே கையில் வளர்ந்தன. உரோமாபுரியில் வாழ்ந்த பியத்ரோ தா கொர்த்தோனா ஓவியராகவும் கோயில் சமைப்பவராகவும் விளங்கினார். அக்காலத்துச் சுண்ணக்கோல் வரைவுகளில், ஞானி ஒருவரின் திருமுகமும் தூண், மாடம் முதலியவற்றின் அமைப்பும் ஒரே தாளில் இடம்பெறுவதுண்டு. அடியவரையும் ஆலயத்தையும் ஒருசேர எழுதும் இம்மரபு தமிழர்க்குப் புதிதன்று.

முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றுச் சுவர்களில் சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு எழுதப்பெற்றுள்ளது. திருமணத்தைத் தடுக்க வந்த முதியவர் ஒரு கையில் குடையும் மறு கையில் ஓலையுமாக நிற்கிறார். சுந்தரர் வெள்ளையானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை நோக்கிச் செல்கின்றனர். அதே சுவர்களில் தில்லைக் கூத்தனின் திருக்கோயில், சேரநாட்டுக் கோயில்களைப் போன்ற சரிந்த கூரையுடன் காணப்படுகிறது. அங்கே தேவியருடன் வழிபடும் மன்னன் இராசராசனே என்பது ஆய்வாளர் கருத்து.

இவ்வோவியங்களின் சிறப்பு அழகளவில் நின்றுவிடுவதன்று. நம்பியாண்டார் நம்பி சுருங்கப் பாடிய அடியார் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணமாக விரித்தது 12ஆம் நூற்றாண்டில். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே ஓவியர் அக்கதையைக் காட்சி காட்சியாக விரித்துவிட்டனர். ஆகவே இச்சுவர், நூலுக்கு முற்பட்ட வரலாற்றுச் சான்றாகும்.

அச்சான்று நெடுங்காலம் மறைந்து கிடந்தது. நாயக்கர் காலத்தில் அதன்மேல் புதுச் சுதை பூசி வேறு ஓவியங்கள் எழுதினர். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் ஓவியத்தைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர்த் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களைச் சிதையாமல் பெயர்த்தெடுத்துப் பலகைகளில் பொருத்தி, இரு காலக் கலையையும் காத்தனர்.

கலும்பாங் முதலிய வடசிலாங்கூர்த் தோட்டப்புறத்தார்க்கும் இதில் படிப்பினை உண்டு. குடமுழுக்கிற்கெனக் கோயிலுக்குப் புதுவண்ணம் தீட்டுவது பக்தியின் செயலே. எனினும், பழைய சுவரில் முன்னோர் எழுதுவித்த உருவம் ஏதேனும் இருப்பின், அதனை முதலில் படமெடுத்து, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வைத்தல் வேண்டும். தஞ்சையில் மேற்பூச்சின் கீழும் சான்று பிழைத்தது. சுவரே இடிக்கப்படும் இடத்தில் அதுவும் பிழைக்காது. தமிழாசிரியர்களும் மாணவர்களும் இப்பணியை இன்றே மேற்கொள்வார்களாக.