கிராண்டின் புத்தகமும் ட்வைனின் பேனாவும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளை வெற்றிக்கு நடத்தி, பின்னர் இருமுறை அதிபராகவும் இருந்தவர் யுலிசிஸ் கிராண்ட். அவருடைய நினைவுக்குறிப்புகளை எழுதிக் கொடுத்தவர் மார்க் ட்வைன்தான் என்ற பேச்சு நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. ஐயம் எழக் காரணம் இருக்கிறது. 1884 மே மாதத்தில் கிராண்ட் பணம் போட்டிருந்த நிறுவனம் மோசடியால் திவாலானது. அடுத்த சில மாதங்களில் தொண்டைப் புற்றுநோயும் தெரியவந்தது. அதற்குமுன் புத்தகமே எழுதியிராத நோயாளி ஓராண்டுக்குள் இரண்டு பெரிய தொகுதிகளை முடித்தார் என்றால், பதிப்பாளரான ட்வைனே பெரும் எழுத்தாளராக இருக்கும்போது, சந்தேகம் யார் பக்கம் போகும்? ஆனால் புரூஃப் திருத்திய விதத்தைக் கூர்ந்து பார்த்தால் இந்தப் பேச்சு நிற்பதில்லை. அந்தத் தாள்களில் ட்வைன் கைவைக்காமல் விட்டதே அவர் செய்த பெரிய பணி என்பது என் கருத்து.

இந்த நூலுக்கு ‘செஞ்சுரி’ இதழ்க்காரர்கள் கிராண்டுக்குப் பத்து சதவீத ராயல்டி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ட்வைன் நிகர லாபத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாகத் தருவதாகச் சொல்லி, 1885 பிப்ரவரியில் தன் சார்ல்ஸ் வெப்ஸ்டர் நிறுவனத்துக்காக ஒப்பந்தம் போட்டார். அந்த வசந்தத்தில் முதல் தொகுதியின் புரூஃப்கள் வரத் தொடங்கின. கிராண்டும் மகன் ஃப்ரெட்டும் தகவல்களைச் சரிபார்த்தார்கள், ட்வைனும் படித்தார். அவர் செய்தவை இலக்கணத்திலும் நிறுத்தக்குறியிலும் சின்னத் திருத்தங்கள். நடையைப் பற்றி அவர் வாய் திறக்காதது கிராண்டை வாட்டியதாகக் குடும்பத்தார் சொன்ன பிறகுதான், சீசரின் போர்க்குறிப்புகளுக்கு இணையான எழுத்து என்று தன் மதிப்பீட்டைச் சொன்னார். நோயின் நடுவே கிராண்டுக்கு அது பெரும் தெம்பு. புரூஃப் கட்டத்தில் ஓர் ஆசிரியருக்கு வேண்டியிருப்பது பல நேரம் இந்த உறுதிதான். வாக்கியத்தை அழகுபடுத்தும் இன்னொரு கை அல்ல.

விற்க வேண்டிய பதிப்பாளர் சொன்ன பாராட்டை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிராண்டின் உதவியாளராக இருந்த ஆடம் பேடோதான் உண்மையான ஆசிரியர் என்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளேடு 1885 ஏப்ரலில் எழுதியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புத்தகம் முழுக்கத் தன் எழுத்தே என்று கிராண்ட் உடனே கடிதம் எழுதி மறுத்தார். ட்வைனின் சொல்லையும் கிராண்டின் மறுப்பையும் ஒதுக்கிவிட்டாலும் கையெழுத்துப் படி மிஞ்சுகிறது. அதில் பெரும்பகுதி கிராண்டின் கையெழுத்திலேயே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. சில பகுதிகளை அவர் வாயால் சொல்லச் சுருக்கெழுத்தாளர் எழுதியது உண்மை. குரல் போனபின் மீண்டும் பென்சிலை எடுத்தார். ஜூலை 23-ல் அவர் இறந்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடித் தொகுதிகள் விற்று, குடும்பத்தின் வறுமை நீங்கியது.

முன்பின் நூல் எழுதிப் பழக்கமில்லாதவருக்கு நடையில் இத்தனை தெளிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு 1863-லேயே பதில் கிடைக்கிறது. போரின் நடுவே, அந்த அக்டோபரில் சட்டனூகா முகாமில் கிராண்ட் தன் கைப்பட, தயங்காமல், தாள் தாளாக ஆணைகளை எழுதித் தள்ளியதைப் பார்த்து வியந்ததாக ஹோரஸ் போர்ட்டர் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார். கிராண்டை ட்வைன் அப்போது சந்தித்திருக்கவே இல்லை.