கட்டிலும் வீட்டின் பகுதியே

அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். மீனவர்களின் இந்தக் குடியிருப்பும், 1970-களில் வீட்டுவசதி வாரியத்தின் மனைப்பிரிவாக உருவெடுத்த பெசன்ட் நகரும் பிரம்மஞான சபையின் முதல் இரண்டு தலைவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இன்று பெசன்ட் நகர் அபார்ட்மென்ட்களில் ‘பர்னிஷ்டு’ வீட்டுக்குத் தனி மவுசு. கட்டில், சோபா, ஏ.சி., ஃபிரிட்ஜ் ஆகியவற்றைப் போட்டுவிட்டால் வாடகைக்கு வரம்பே கிடையாது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பழைய சென்னைக்கு இந்த ஏற்பாடே தெரியாது, ஐ.டி. நிறுவனங்களோடு வந்த புதுப் பழக்கம் என்றும் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. வீட்டுக்குள் இருக்கும் சாமான் வீட்டின் பகுதியே என்று இந்த மாநிலத்தின் சட்டம் 1960-லேயே முடிவுசெய்திருந்தது. அந்தச் சட்டம் இன்று இல்லை என்றாலும், அந்த முடிவின் நியாயம் இன்றைக்கும் பொருந்தும்.

தளவாடங்களோடு கூடிய வீடு நெடுங்காலம் அதிகாரமோ ஆதரவோ உள்ளவர்களுக்கு மட்டுமே வாய்த்தது. அடிக்கடி ஊர் மாறிய ஆங்கிலேய அதிகாரிகள் தோட்ட வீடுகளில் தங்கினார்கள்; போகும்போது மேசை நாற்காலிகளை ஏலத்தில் விற்றார்கள். 1882-இல் பிரம்மஞான சபை அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கிய பிறகு, வெளிநாட்டு உறுப்பினர்களுக்கான தங்குமிடங்கள் அங்கே எழுந்தன. அவை வியாபாரத்துக்காக அல்ல, சபையின் தேவைக்காகக் கட்டப்பட்டவை. சாதாரணக் குடித்தனக்காரர் பாயையும் பாத்திரத்தையும் தாமே சுமந்துகொண்டுதான் வீடு மாறினார். இரண்டாம் உலகப் போர் நகரத்தில் வீட்டுத் தட்டுப்பாட்டைக் கூர்மையாக்கியது. 1941-இல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் தொடர்ந்தன.

1960-ஆம் ஆண்டுச் சட்டம் ‘கட்டடம்’ என்பதற்குத் தந்த விளக்கத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். கட்டடமோ குடிசையோ, தனியாக வாடகைக்கு விடப்படும் எதுவும் அதில் அடங்கும். வீட்டுக்காரர் குடியிருப்பவரின் பயன்பாட்டுக்காகத் தரும் தளவாடங்களும் அடங்கும். ஹோட்டல் அறையும் போர்டிங் அறையும் மட்டும் விலக்கு. ஆக, கடலோரக் குடிசையும் மாடி வீட்டுக் கட்டிலும் ஒரே பிரிவுக்குள் வந்தன. இது தற்செயல் அல்ல. நாலு நாற்காலியைப் போட்டுவிட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து நழுவும் வழியை அது அடைத்தது. குடியிருப்பு வீட்டின் நியாய வாடகை, அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று பின்னர் வகுக்கப்பட்டது. ஏ.சி., லிஃப்ட், ஹீட்டர், ஃபிரிட்ஜ், மொசைக் தரை ஆகிய வசதிகளுக்கும் அட்டவணை இருந்தது. அவற்றுக்காகச் சேர்க்கும் செலவு 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்றைய விளம்பரங்களில் காணும் பட்டியல் அந்த அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: அன்று வசதிக்கு விலை உண்டு, வரம்பும் உண்டு.

வாடகைக் கட்டுப்பாடு வீடுகளைப் பாழாக்கியது என்று சொல்பவர்களிடம் உண்மை இருக்கிறது. பழைய வாடகையே ஆண்டுக்கணக்கில் நீடித்த வீடுகளை உரிமையாளர்கள் பழுதுபார்க்கவில்லை. சிலர் பூட்டியே வைத்தார்கள். ஆனால் அந்தக் கேடு வாடகையைத் திருத்த எடுத்த காலதாமதத்தால் விளைந்தது. தளவாடத்தை வீட்டோடு சேர்த்துக் கணக்கிட்டதால் எந்த வீடும் இடியவில்லை. பர்னிஷ்டு வீட்டுக்கு வருபவர் வசதியானவர், அவருக்கு எதற்குப் பாதுகாப்பு என்பது அடுத்த கேள்வி. இதே வாதத்தால்தான் மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டிய குடியிருப்புகளுக்குச் சட்டம் ஒரு காலத்தில் விலக்களித்தது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்துசெய்தது. விலைவாசி ஏற ஏற, 400 ரூபாய் பணக்காரரை அடையாளம் காட்டும் தொகையாக இல்லாமல் போயிருந்தது. இன்று பர்னிஷ்டு வீட்டின் நிலையும் அதுவே. வேலைக்காக ஓராண்டு, ஈராண்டு வந்து தங்கும் இளைஞருக்குச் சாமான் வாங்கி, பின் விற்றுவிட்டுப் போக வழியில்லை என்பதால்தான் அவர் அதை நாடுகிறார். தெருவில் ஒரு வீடு பர்னிஷ்டு வாடகைக்குப் போனால், சாமான் இல்லாத வீட்டின் உரிமையாளரும் அதையே அளவாகக் கொள்வார்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கி, வாடகையை இருதரப்பு ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. எழுத்து மூல ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது நல்ல மாற்றம். பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய ஊரில் மூன்று மாத அளவைச் சொன்னதும் நல்லதே. என்றாலும், சாமானுக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு என்று கேட்கும் பழைய கேள்வி கைவிடப்பட்டது. பழைய கட்டுப்பாட்டை அப்படியே மீட்க வேண்டியதில்லை. பொருட்களின் பட்டியலும் மதிப்பும் ஒப்பந்தத்தில் தனியே எழுதப்படட்டும்; அவற்றுக்கான கூடுதல் வாடகை அந்த மதிப்பைத் தழுவி இருக்கட்டும். உரிமையாளருக்கு இதில் நஷ்டமில்லை. குடியிருப்பவருக்குத் தாம் எதற்குப் பணம் தருகிறோம் என்பது தெரியும். குடிசையையும் கட்டிலையும் ஒரே பிரிவில் வைத்து யோசித்த ஒரு மாநிலத்துக்கு இந்தக் கணக்கு கடினமானதல்ல.