பால்மரம் கற்பித்த பாடம்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு நின்ற நம் முன்னோர் ஓர் உண்மையைக் கண்ணால் கண்டிருந்தனர். ஒரே நிரையில் நிற்கும் மரங்களுள் ஒன்று மங்கு நிறையப் பால் தரும். அடுத்தது மங்கின் அடி நனையவே தரும். இவ்வேற்றுமையில் ஓர் அறிவியல் வரலாறு அடங்கியுள்ளது.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்கு அனுப்பினார். முளைத்தவை சிலவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் இச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே.

பின்னர், மரந்தோறும் பாலை அளந்து தாய்மரங்களைத் தெரிவு செய்தனர். அவற்றின் மொட்டுகளை ஒட்டுக்கட்டிப் பெருக்கினர். சிறந்தவற்றை ஒன்றோடொன்று மகரந்தம் சேர்த்துப் புதுவகை கண்டனர். 1925இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இப்பணியை வளர்த்தது. ஜாவாவின் 'ஜிர் 1', சிலாங்கூர் பிராங் பெசார் தோட்டத்தின் 'பி.பி. 86' ஆகிய இரண்டின் சேர்க்கையே புகழ்பெற்ற 'ஆர்.ஆர்.ஐ.எம். 600'. இவ்வகைகள் தோட்டத்தின் பெயரையும் கழகத்தின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. மரம் சீவிய தமிழர் பெயர் எதிலும் இல்லை.

இயற்கை வேறுபாட்டை அளிக்கிறது. தெரிவு அதனைப் பயனாக்குகிறது. இவ்விதியைப் புரதத்திற்கும் பொருத்தலாம் என்று காட்டியவர் அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஆர்னால்டு. நொதிகள் புரதங்களே, ரப்பர் மரத்தினுள் பாலை ஆக்குவனவும் நொதிகளே. சப்டிலிசின் என்னும் நொதி நீரில் நன்கு இயங்கும். கரிமக் கரைப்பானில் சோர்ந்துவிடும். ஆர்னால்டு அதன் மரபணுவில் குறியின்றி மாற்றங்களைப் புகுத்தி, பிறந்தவற்றுள் சிறந்ததைத் தெரிந்து, அதனை மீண்டும் மாற்றினார். 1993இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்றாம் தலைமுறையில் கிடைத்த நொதி அக்கரைப்பானில் 256 மடங்கு சிறப்பாக இயங்கியது. 2018இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசின் பாதி வழங்கப்பட்டது. தோட்டத்தில் பல ஆண்டுகள் எடுத்த தெரிவு, ஆய்வுக்கூடத்தில் குறுகிய காலத்துள் அடங்கிற்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேறுபாடு வற்றினால் தெரிவும் வற்றும். ஒருவகை மரத்தையே எங்கும் நட்டால், ஒரு நோயே அனைத்தையும் வீழ்த்தக்கூடும். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் அந்நாடுகளின் ரப்பர்த் தோட்டங்களை அழித்த வரலாறு நம்முன் உள்ளது. எனவேதான் 1981இல் ஆய்வாளர் மீண்டும் அமேசான் காட்டிற்குச் சென்று புதிய விதைகளைத் திரட்டி வந்தனர்.

ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. மங்கையும் உளியையும் காணாத தலைமுறை நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறது. ஆசிரியப் பெருமக்களே! பரிணாமப் பாடம் நடத்தும் நாளில் அயல்நாட்டுப் பறவைகளை மட்டும் சான்று காட்டற்க. பாட்டி சீவிய மரத்தையும் காட்டுக. அறிவியல் தம் வீட்டு வாயிலிலும் நின்றது என்று மாணாக்கர் உணரட்டும்.