உத்திர வீதியும் சித்திரை வீதியும்: ஸ்ரீரங்கத்துச் சுற்றுவழிகளின் பெயர் வரலாறு

ஸ்ரீரங்கத்துத் திருச்சுற்றுகளைப் பற்றி எழுதுவோர் அனைவரும் கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகு தரும் வரிசையிலிருந்தே தொடங்குகின்றனர். தர்மவர்மன், ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திருவிக்கிரமன், கலியுகராமன் ஆகிய ஏழு பெயர்கள் உள்ளிருந்து வெளியே அடுக்கப்படுகின்றன. இந்த வரிசையை ஆய்வுலகுக்கு எடுத்துக்கொடுத்தவர் வி. என். ஹரிராவ். 1961இல் வெளிவந்த அவருடைய கோயிலொழுகு ஆங்கில மொழிபெயர்ப்பும் அதன் வரலாற்றுக் குறிப்புகளும் இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. ஆயினும் சுற்றுகளைப் பற்றி அவர் கேட்ட முதன்மைக் கேள்வி, இவற்றை எந்த அரசன் எப்போது கட்டினான் என்பதே. அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே கேட்டு வருகிறார்கள். ராஜமகேந்திரன் என்றால் இரண்டாம் ராஜேந்திரனின் மகன். அகளங்கன் என்றால் விக்கிரம சோழன் (1118–1135). கலியுகராமன் என்றால் ஒரு பாண்டியன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மன்னன் கிடைத்ததும் ஆய்வு முடிந்துவிடுகிறது.

அந்த அடையாளங்களில் பல சரியானவை. அகளங்கன் என்பது விக்கிரம சோழனின் பட்டப்பெயர் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் மறுப்பது அதற்கு அடுத்த படியை மட்டுமே: ஒரு சுற்றின் பெயர் அச்சுற்று உருவான காலத்தைக் காட்டும் என்ற எண்ணத்தை.

அந்த வரிசையையே காலக்கணக்கில் வைத்துப் பார்ப்போம். இரண்டாம் சுற்றுக்கு உரிய ராஜமகேந்திரன் 11ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சேர்ந்தவன். நான்காம் சுற்றுக்கு உரிய ஆலிநாடன் திருமங்கையாழ்வார். அவரைப் பொதுவாக 8ஆம் நூற்றாண்டில் வைக்கிறோம். நான்காம் மதில் எழுந்து மூன்று நூற்றாண்டு கழித்து அதற்கு உள்ளே இரண்டாம் மதில் எழுந்ததா? பழைய சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள் என்று விடை சொல்லலாம். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் அவ்விடையை ஏற்ற அக்கணமே, பெயர் தோற்றத்தைக் காட்டாது, கடைசியாகத் திருப்பணி செய்தவரையோ நினைவில் நின்றவரையோதான் காட்டும் என்று ஒப்புக்கொண்டவர்களாகிறோம். மன்னர் பட்டியல் அங்கேயே தளர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கோயில் வழக்கில் இப்பெயர்கள் 'திருவீதி' என்ற சொல்லோடு ஒட்டி வருகின்றன: குலசேகரன் திருவீதி, ஆலிநாடன் திருவீதி, அகளங்கன் திருவீதி. மதில் என்பது கல். வீதி என்பது மதிலுக்கும் மதிலுக்கும் இடையே ஆள் நடக்கும் இடம். திருமங்கையாழ்வார் மதில் எழுப்பியபோது தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனம் குறுக்கே வர, அதற்கு ஊறு வராமல் மதிலை ஒதுக்கிக் கட்டினார் என்பது வைணவ மரபு. அந்த மகிழ்ச்சியில் தொண்டரடிப்பொடி தம் தோட்டக் கருவிக்கு 'அருள்மாரி' என்று திருமங்கையின் பெயரையே இட்டார் என்றும் சொல்வார்கள். இதை நடந்த நிகழ்ச்சி என்று நிறுவ வழியில்லை. ஆனால் மரபு எதைப் போற்றத்தக்கதாக நினைவில் வைத்தது என்பதற்கு இது சான்று. பூக்குடலையோடு ஒருவர் நாள்தோறும் நடந்து போகும் வழிக்கு முதலிடம் கொடுத்தது. கல்லை அதற்குப் பின்னால் வைத்தது.

இனி மக்கள் வாயில் இருக்கும் பெயர்களுக்கு வருவோம். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் எவரும் 'திருவிக்கிரமன் திருவீதியில் வீடு' என்று சொல்வதில்லை. கீழ உத்திர வீதி, மேலச் சித்திரை வீதி, வடக்கு அடையவளஞ்சான் தெரு என்றுதான் சொல்வார்கள். உத்திர வீதியைத் திருவிக்கிரமனோடும் சித்திரை வீதியைக் கலியுகராமனோடும் பொருத்துவது கோயில் விளக்கங்களில் காணும் முறை. கருவறையை ஒட்டிய சுற்றை எண்ணத் தொடங்குவதைப் பொறுத்து இப்பொருத்தம் ஒரு படி முன்பின் நகரும். என் வாதத்துக்கு அது தடையில்லை. ஒரே வழிக்கு இரண்டு அடுக்குப் பெயர்கள் உள்ளன என்பதே எனக்கு வேண்டியது. ஒன்று ஏட்டில் அரசன் பெயர், மற்றொன்று வழக்கில் திருநாளின் பெயர்.

உத்திர வீதி என்ற பெயரில் ஒரு பாடபேதம் உண்டு. சிலர் 'உத்திர' என்கிறார்கள், சிலர் 'உத்தர' என்கிறார்கள். பெயர்ப்பலகைகளிலும் முகவரிகளிலும் இரண்டையும் கண்டிருக்கிறேன். 'உத்தர' என்பது மூலமானால் வடக்கு என்று பொருள்படும். அப்படியானால் 'தெற்கு உத்தர வீதி' என்ற ஒன்று எப்படி இருக்க முடியும்? நான்கு திசைக்கும் நான்கு உத்திர வீதிகள் உள்ளன. திசைப்பெயர் முன்னே தனியாக வந்துவிட்டதால் பின்னே உள்ள சொல் திசையாக இருக்க இயலாது. அது நட்சத்திரமே. பக்கத்துச் சித்திரை வீதி மாதப்பெயரையோ நட்சத்திரப்பெயரையோ தாங்கி நிற்பதும் இதற்குத் துணை. 'உத்தர' என்பது வடமொழி வடிவம் உயர்ந்தது என்று கருதிய எழுத்தர் செய்த திருத்தம் என்று கொள்கிறேன்.

நட்சத்திரம் என்றால் எந்தத் திருநாள்? பங்குனி உத்திரம்தான் என்பது என் முடிபு. ஸ்ரீரங்கத்துப் பிரம்மோற்சவங்களில் பங்குனிக்கு 'ஆதி பிரம்மோற்சவம்' என்றே பெயர். தாயார் சந்நிதியில் சேர்த்தி நடப்பதும், அச்சேர்த்தியில் இராமானுசர் கத்யத்ரயத்தை விண்ணப்பித்தார் என்று மரபு சொல்வதும் பங்குனி உத்திரத்து அன்றுதான். சித்திரைத் திருநாளோ 'விருப்பன் திருநாள்' எனப்படுகிறது. இரண்டாம் ஹரிஹரரின் மகன் விருப்பண்ண உடையாரோடு 1383இல் தொடர்புபடுத்தப்படுகிறது. தொல்விழாவின் பெயர் உள்வீதிக்கும், பின்னர் ஓங்கிய விழாவின் பெயர் வெளிவீதிக்கும் அமைந்திருக்கின்றன. ஊர் வெளிநோக்கி வளர்ந்த முறைக்கு இது பொருந்துகிறது. வெளிமதிலைப் பாண்டியன் எழுப்பியிருக்கலாம். கலியுகராமன் என்ற பட்டம் பாண்டியர் காசுகளிலும் உள்ளது, எந்தப் பாண்டியன் என்பதில்தான் ஒத்த கருத்தில்லை. ஆனால் அவன் கட்டிய மதிலுக்குள் இருந்த வெளி, தேர் ஓடிய பின்புதான் மக்கள் நாவில் ஒரு பெயரைப் பெற்றது.

இந்த இடத்தில் எதிர்ப்பு வரும் என்பதை அறிவேன். இன்று உத்திர வீதிகளில் ஓடுவது தைத்தேர். 'பூபதித் திருநாள்' எனப்படும் அவ்விழாவின் தேர்நாள் புனர்பூசம். உத்திரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இது என் வாதத்தின் மெலிந்த இடம். மெலிந்தது என்பதாலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: தைவிழாவால் பெயர் வந்திருந்தால் அது தை வீதி என்றோ புனர்பூச வீதி என்றோ ஆகியிருக்கும். இன்றைய தேரோட்டத்தோடு ஒட்டாத ஒரு பெயர் அவ்வீதியில் நிலைத்திருப்பதே, அப்பெயர் தைத்தேருக்கு முந்தியது என்பதற்கு அறிகுறி.

இடையில் நடை நின்றுபோன காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பில் கோயிலின் உற்சவமூர்த்தியான நம்பெருமாள் ஊரை விட்டு வெளியேறினார். திரும்பி வந்ததைச் சொல்வது கோயில் உட்சுற்றுச் சுவரிலுள்ள, விஜயநகரத் தளபதி கோப்பணாரியரின் வடமொழிக் கல்வெட்டு. இதை எல்லாரும் படைவெற்றியின் ஆவணமாகவே படிக்கிறார்கள். அதில் இருப்பது ஒரு வழித்தடமும்கூட: அஞ்சனாத்திரியிலிருந்து செஞ்சி, அங்கே சிலகாலம் வழிபாடு, பின் திருவரங்கம். புறப்பட்ட இடம், தங்கிய இடம், சேர்ந்த இடம் மூன்றையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். காலத்தைச் சொல்லும் சொல் 'பந்துப்ரியே'. கடபயாதி முறையில் எழுத்துகளுக்கு 3, 9, 2, 1 என்று எண்கள் வரும். பின்னிருந்து படித்தால் சகம் 1293. இது 1371–72. கோயில் மரபோ பரிதாபி ஆண்டு வைகாசி 17 என்கிறது. பரிதாபி 1372–73இல்தான் வருகிறது. இந்த ஓராண்டு வேறுபாட்டைச் சகக் கணக்கைத் திருத்திச் சரிசெய்வது எளிது. ஆனால் கல் சொல்லும் எண்ணை ஏட்டுக்காக வளைக்க எனக்கு மனமில்லை. 1371 என்று எழுதுவோர், அதை 1371 அல்லது 1372 என்று எழுதுவதே நேர்மை.

எப்படியாயினும் நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் அவ்வீதிகளில் நம்பெருமாள் புறப்பாடு இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் அந்த நடையைக் காணாமலே வளர்ந்தது. திரும்பி வந்து சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் விருப்பன் திருநாள். மதில்கள் செப்பனிடப்பட்டதை வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். நடை செப்பனிடப்பட்டதும் அதே அளவு பெரிய திருப்பணி என்று நினைக்கிறேன்.

வழியைப் பேணும் முறைக்கு இன்றும் உயிருள்ள சான்று மதிலுக்கு வெளியே இருக்கிறது. பங்குனித் திருநாளில் நம்பெருமாள் மூன்றாம் நாள் மேற்கே ஜீயபுரத்துக்கும், ஆறாம் நாள் காவிரியைக் கடந்து உறையூருக்கும் எழுந்தருளுகிறார். வழியில் நின்று நின்று ஏற்பவை 'வழிநடை உபயங்கள்'. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் ஊரோ குடும்பமோ பொறுப்பு. மண்டபம், பந்தல், தண்ணீர், நிழல் எல்லாம் அந்தப் பொறுப்பில் அடங்கும். நெடுவழி ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தந்தத் துண்டை அங்கங்கே வாழ்பவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளத்துக்கு 27 காதம் என்று எழுதிவிட்டு, கீழே இரண்டு பெரிய குழிகளையும் ஏழு சிறிய குழிகளையும் வெட்டி வைத்திருக்கிறது. எழுத்து வாசிக்காதவரும் அங்கே தூரத்தை அறிந்தார். ஸ்ரீரங்கத்து நெடுவழியில் தூரத்தைச் சொன்னது கல் அல்ல, அடுத்த உபயம்.

வழக்கில் அடையவளஞ்சான் என்று ஆகிவிட்ட 'அடையவளைந்தான்' என்ற பெயரையும் இங்கேயே சொல்ல வேண்டும். முழுவதும் சுற்றி வளைந்தது என்பது பொருள். அதில் அரசனும் இல்லை, திருநாளும் இல்லை. சுற்றிய செயல் மட்டுமே இருக்கிறது. அது எக்காலத்துப் பெயர் என்பதை இந்தக் கட்டுரையில் முடிவு செய்யவில்லை.

2017இல் இக்கோயில் சீரமைப்புக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தபோது பாராட்டப்பட்டவற்றில் பழைய மழைநீர் வடிகால்களை மீட்டதும் ஒன்று. வீதி நடக்கும் நிலையில் இருப்பதற்கு முதல் தேவை தண்ணீர் வடிவதே. 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு கண்ட 236 அடி ராஜகோபுரத்தைப் பற்றி நூறு கட்டுரைகள் வந்துவிட்டன. உத்திர வீதியின் வடிகால் பற்றி ஒரு தனிக் கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை.

உத்திரம் பற்றிய என் முடிபு ஒரே ஒரு சான்றில் நிற்கவோ விழவோ கூடும். 1383க்கு முந்திய கல்வெட்டு ஒன்றில் பங்குனிப் புறப்பாட்டு வீதி அப்பெயரால் குறிக்கப்பட்டிருந்தால் அது நிற்கும். அவ்வீதி அக்காலத்தில் வேறு பெயரோடு வருமானால், ஹரிராவின் மன்னர் வரிசைக்கு மாற்றாக நான் வைக்கும் இந்த அடுக்கில் ஒரு படியை நானே எடுத்துவிட வேண்டியிருக்கும். தென்னிந்தியக் கல்வெட்டுகளின் 24ஆம் தொகுதியில் உள்ள ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டுகளின் எல்லைக் குறிப்புகளை வீதிப்பெயருக்காக மட்டும் வரிவரியாகப் படிக்க வேண்டும். தேட வேண்டிய இடம் அதுவே.